அடி வாங்க மட்டும் ஒரு கூட்டாளியா?

செந்தூலில் நாங்கள் வழக்கமாக உட்காரும் மாமாக் கடையில் போன மாதம் ஒரு பெரிய போர் நடந்தது. படை முழுக்கக் கேரம் காய்கள். சிவப்புக் காய் அரக்கர் தலைவன், கறுப்புக் காய் ஒன்பதும் அவன் ஆட்கள், வெள்ளையில் நாலை மட்டும் எடுத்து நாங்கள். நானும் இரண்டு கூட்டாளிகளும் வேலை முடிந்த பிறகு ஒரு சின்ன ஆர்பிஜி கேம், அதாவது கதைப் பாத்திரங்களாக மாறி ஆடும் கணினி விளையாட்டு, செய்துகொண்டிருக்கிறோம். மூன்று வருடமாகச் செய்துகொண்டே இருக்கிறோம் என்பது வேறு கதை. புது விதி எதையாவது கணினியில் ஏற்றுவதற்கு முன் இப்படிக் காயும் பகடையுமாக மேசையில் ஆடிப் பார்த்துவிடுவோம்.

அன்றைக்குக் கூட்டாளியின் தம்பியும் வந்திருந்தான், படிவம் நான்கு படிக்கிறவன். அவனிடம் வேலன் என்ற காயைக் கொடுத்தோம். வேலன் கேடயம் தூக்குகிறவன், முன்னால் நின்று அடி தாங்குகிறவன். அவனுக்கு நான் ஆறு பக்கத்துக்கு முன்கதை எழுதியிருந்தேன்: சின்ன வயதில் வெள்ளத்தில் அக்காவைப் பறிகொடுத்தவன், தண்ணீரைக் கண்டால் கால் நகராது, யாரையும் விட்டுவிட்டு ஓடமாட்டான். தம்பி மூன்று ரவுண்டு ஆடினான். மூன்றிலும் செய்தது ஒன்றேதான், எதிரியைச் சீண்டித் தன் பக்கம் இழுப்பது, கேடயத்தைத் தூக்கிப் பிடிப்பது. நாலாவது ரவுண்டில் ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே கேட்டான்: "அண்ணே, இவன் எதுக்கு? அடி வாங்க மட்டுமா?"

ஆறு பக்கம்! அதில் ஒரு வரிகூட மேசைக்கு வந்து சேரவில்லை.

கூட்டமாகப் போய்ச் சண்டை போடும் ஆர்பிஜிகளில் இது பழைய வியாதி. சண்டை சலிப்பாக இருக்கிறது என்று ஒரு புகார், கூடவே வரும் பாத்திரங்கள் மனதில் ஒட்டவில்லை என்று இன்னொரு புகார். செய்கிறவர்கள் முதலாவதற்குப் புதுத் திறன்களைச் சேர்ப்பார்கள், இரண்டாவதற்குப் புது வசனங்களைச் சேர்ப்பார்கள், இரண்டுமே வீங்கிப்போய் மறுபடியும் அதே புகார் வரும். என்னைக் கேட்டால் இவை இரண்டும் ஒரே புகார்தான். முகாமில் தீ மூட்டி உட்கார்ந்து மனசு விட்டுப் பேசுகிற ஆளும், அடுத்த நாள் களத்தில் வாள் வீசுகிற ஆளும் ஒரே ஆளாக இல்லாததுதான் சிக்கல்.

எங்கே பிரிந்தார்கள் என்று பார்த்தால், ஆரம்பத்தில் சேர்ந்தே இருக்கவில்லை. 1981-ல் வந்த விஸார்ட்ரி என்ற கேமில் ஆறு பேர் கொண்ட கூட்டம். முன்வரிசையில் மூன்று பேர் கைகலப்பார்கள், பின்வரிசையில் மூன்று பேர் மந்திரம் போடுவார்கள். பெயர் வைப்பது நாம், தொழிலைத் தேர்ந்தெடுப்பது நாம், அவர்கள் வாயைத் திறப்பதே இல்லை. 1988-ல் பூல் ஆஃப் ரேடியன்ஸ் கட்டம் போட்ட களத்தில் ஆட்களை நகர்த்தவைத்தது, யார் எங்கே நிற்கிறார்கள் என்பதற்கு அர்த்தம் வந்தது, ஆனால் ஆட்கள் அப்போதும் ஊமைகள்தான். பத்து வருடம் கழித்து, 1998-ல், பயோவேர் நிறுவனம் செய்த பால்டர்ஸ் கேட் வந்தபோதுதான் கூட வருகிறவர்களுக்குக் குரலும் குணமும் பிடிவாதமும் சேர்ந்து கிடைத்தன. ஜஹேராவும் காலிதும் கணவன் மனைவி, ஒருவரைக் கழற்றிவிட்டால் மற்றவரும் கிளம்பிவிடுவார். நம் குழுவின் பெயர் ஊரில் ரொம்ப நல்லதாகிவிட்டால் கெட்ட குணக்காரர்கள் முகம் சுளித்துக்கொண்டு விலகிப்போவார்கள். மின்ஸ்க் என்று ஒரு முரடன், வெறி பிடித்தால் நம் கட்டளைக்கு அடங்கமாட்டான், பக்கத்தில் நிற்பது நம் ஆளானாலும் வெட்டிவிடுவான்.

அந்த மின்ஸ்க் விஷயத்தை நான் ரொம்ப நாள் சும்மா ஒரு வேடிக்கை என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால், அவன் குணம் அங்கே ஒரு விதியாகவே எழுதப்பட்டிருக்கிறது. வசனத்தை எல்லாம் அழித்துவிட்டு ஆடினாலும், நாலு சண்டையில் அவன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துவிடும்.

சரி, சண்டைக்கு வருவோம். இங்கேதான் கணக்கு கொஞ்சம் போட வேண்டியிருக்கிறது.

பால்டர்ஸ் கேட் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும் சண்டை, வேண்டும்போது நிறுத்திக் கட்டளை கொடுக்கலாம். உள்ளே ஆறு விநாடிக்கு ஒரு ரவுண்டு என்று பகடை உருண்டுகொண்டே இருக்கும். அந்த முறையில் ஒரு அடி தவறினால் நமக்கு வலிக்காது, அடுத்த அடி தானாக வந்துவிடும். ஆளுக்கு ஒரு டர்ன் என்று வரிசையாக ஆடும் முறையில் அப்படி இல்லை. எங்கள் மேசையையே எடுத்துக்கொள்ளுங்கள். எதிரிகள் பத்து, ஒவ்வொன்றுக்கும் 8 விநாடி என்று வைத்தால் 80 விநாடி. மற்ற மூன்று பேர் யோசித்து ஆட ஆளுக்கு அரை நிமிடம், அது 90. ஆக, தம்பி தன் டர்னுக்காகக் காத்திருந்தது 170 விநாடி, கிட்டத்தட்ட மூன்று நிமிடம். அவன் அடித்தாலும் அது எதிரிமேல் படும் வாய்ப்பு 60 விழுக்காடு. அப்படியென்றால் பத்து டர்னில் நாலு, மூன்று நிமிடம் காத்திருந்து பகடையை உருட்டி 'தவறியது' என்ற ஒரு சொல்லைக் கேட்டுவிட்டு மறுபடியும் மூன்று நிமிடம் காத்திருப்பதுதான். ரொட்டி சானாய் பக்கம் அவன் கவனம் போனதில் தப்பே இல்லை.

அதனால் ஒரு முறையில் ஓடிய விதியைத் தூக்கி இன்னொன்றில் அப்படியே வைக்க முடியாது. 2018-ல் வந்த பாத்ஃபைண்டர் கிங்மேக்கருக்கு முதலில் ரசிகர் ஒருவர்தான் டர்ன் முறையைச் செய்து கொடுத்தார், 2020-ல் அது ஆட்டத்துக்குள்ளேயே வந்தது. பில்லர்ஸ் ஆஃப் எட்டர்னிட்டியின் இரண்டாம் பாகத்துக்கும் வெளியான அடுத்த வருடம், 2019-ல், டர்ன் முறை சேர்க்கப்பட்டது. இரண்டிலும் பெரிய சண்டைகள் டர்னில் பிரமாதம். ஆனால் வழியில் குறுக்கிடும் நாலு ஓநாய், ஐந்து சிலந்தி இருக்கிறதே, நேரம் ஓடும் முறையில் பத்து விநாடியில் முடிகிற அந்தச் சண்டை டர்னில் பத்து நிமிடம் பிடிக்கும். டர்ன் முறைக்கு மாறுகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது சண்டைகளின் எண்ணிக்கையைப் பாதியாக வெட்டுவது. புது மந்திரம் எல்லாம் அப்புறம்.

தவறும் அடிக்கும் மருந்து உண்டு. பில்லர்ஸ் முதல் பாகத்தில், 2015-ல், நூறு முகப் பகடை. நம் திறமையில் எதிரியின் தற்காப்பைக் கழித்து, பகடையைக் கூட்டி, 15 வரை வந்தால் தவறியது, 16 முதல் 50 வரை உரசல் அடி, 51 முதல் 100 வரை முழு அடி, அதற்கு மேல் பலத்த அடி. இந்த உரசல் அடிதான் புத்திசாலித்தனம். பாதி சேதம்தான், ஆனாலும் ஏதோ ஒன்று நடந்தது. கை வீணாகவில்லை.

இன்னொரு மருந்து, நம் டர்ன் இல்லாதபோதும் நமக்கு ஒரு வேலை இருப்பது. எதிரி பக்கத்திலிருந்து நழுவினால் ஒரு வெட்டு, கூட்டாளிமேல் விழும் அடியைத் தட்டிவிடுவது, இப்படி. 2023-ல் வந்த பால்டர்ஸ் கேட் 3-இல் இப்படிப்பட்ட எதிர்வினைகள் நிறைய, சிலவற்றுக்கு ஆட்டமே நின்று 'செய்யவா' என்று கேட்கும். வரிசையில் அடுத்தடுத்து வரும் நம் ஆட்கள் யார் முதலில் போவது என்று அங்கே மாற்றிக்கொள்ளவும் முடியும். சின்ன விஷயம்தான், ஆனால் அது சண்டையை 'என் டர்ன், உன் டர்ன்' என்பதிலிருந்து 'நம் டர்ன்' ஆக்கிவிட்டது. (அதைச் செய்த லாரியன் நிறுவனத்துக்கு நம் கோலாலம்பூரிலும் ஒரு கிளை இருக்கிறது. ஊர்க்காரன் என்ற முறையில் இதை எங்கேயாவது சொருகாமல் என்னால் எழுத முடியாது.)

ஏன் 'நம் டர்ன்' முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. ஒருவன் எதிரியைக் கீழே தள்ளுகிறான். சேதம் சுழியம். ஆனால் கீழே கிடப்பவனைப் பக்கத்தில் நின்று அடிக்கும்போது இருபது முகப் பகடையை இரண்டு தடவை உருட்டி நல்லதை எடுத்துக்கொள்ளலாம். 60 விழுக்காட்டு வாய்ப்பு 84 ஆகிறது. அடுத்து அடிக்க இரண்டு பேர் காத்திருந்தால், தள்ளிவிட்டவன் அந்த இரண்டு பேருக்குமே ஆளுக்கு 24 புள்ளி கொடுத்திருக்கிறான். அதேபோல் பூசாரி ஆசி மந்திரம் போட்டால் மூன்று பேரின் வீசலில் நாலு முகப் பகடை ஒன்று சேரும், சராசரி 2.5, இருபது முகப் பகடையில் அது 12.5 விழுக்காடு. அதைப் பூசாரி மனதைக் குவித்துப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், அடி பட்டால் கலைந்துவிடலாம். இப்போது பாருங்கள், எதிரி அம்பை அவள் பக்கம் திருப்பினால் மூன்று பேரும் பதறுவார்கள். யாரும் வசனம் பேசவில்லை, ஆனால் 'அவளைக் காப்பாற்று' என்ற கதை களத்திலேயே பிறந்துவிட்டது.

இதை எனக்குப் புரியவைத்தது கேம் இல்லை, பத்துமலை. தைப்பூசத்தில் என் மச்சான் காவடி எடுத்தபோது கூடப் போன கூட்டத்தில் நானும் ஒருவன். ஒருவன் ஸ்டூல் தூக்கிக்கொண்டு வந்தான், நிற்கும்போது உட்காரவைக்க. ஒருவன் கையில் தண்ணீர். இரண்டு பேர் முன்னால் வழி விலக்கினார்கள். உறுமி அடிக்கிறவர்கள் தனி. ஒரு மாமா எந்த வேலையும் செய்யவில்லை, மச்சான் தளரும்போது மட்டும் காதருகே போய்ப் பாட்டெடுப்பார், அவ்வளவுதான், மனிதன் மறுபடியும் ஆட ஆரம்பித்துவிடுவான். 272 படி ஏறி இறங்கிய பிறகு, அங்கே யார் எவ்வளவு செய்தார்கள் என்று கணக்கெடுத்தால் ஸ்டூல்காரனுக்கும் அந்த மாமாவுக்கும் எத்தனை புள்ளி போடுவீர்கள்? ஆனால் அந்த மாமா இல்லாமல் மேலே போயிருக்க முடியாது, அவர்தான் பாட வேண்டும், வேறு யார் பாடியிருந்தாலும் எடுபட்டிருக்காது. கேம்களில் சண்டை முடிந்ததும் யார் எவ்வளவு சேதம் செய்தார்கள் என்று ஒரு பட்டியல் காட்டுவார்களே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான்.

விதி தப்பாகப் போனால் கூட்டாளிகளின் குணத்தையே அது எப்படித் தின்னும் என்பதற்கு 2017-ல் வந்த டிவினிட்டி ஒரிஜினல் சின் 2 நல்ல பாடம். அருமையான ஆட்டம், நூறு மணி நேரத்துக்கு மேல் ஆடியிருக்கிறேன், அதனால் உரிமையோடு குறை சொல்கிறேன். அதில் எல்லாருக்கும் இரண்டு கவசம், வாளுக்கு ஒன்று, மந்திரத்துக்கு ஒன்று. கவசம் உடையாதவரை மயக்கம், உறைதல் எதுவும் ஏறாது, உடைந்துவிட்டால் ஏறிவிடும். நாலு பேரில் இரண்டு பேர் வாள், இரண்டு பேர் மந்திரம் என்று இருந்தால் ஒரே எதிரியின் இரண்டு சுவரை ஆளுக்கொரு பக்கம் இடிக்கிறார்கள், இரண்டுமே சீக்கிரம் விழாது. நாலு பேருமே வாள் என்றால் ஒரே சுவர், ஒரே ரவுண்டில் தரைமட்டம். அப்புறம் என்ன, எல்லாரையும் வாளுக்கு மாற்றிவிடுவோம். கூட்டாளி சேரும்போதே 'எந்தத் தொழில் வேண்டும்' என்று கேட்டு மாற்றிக்கொள்ளும் வசதியும் இருக்கிறதா, வேலை சுலபம். அவரவர் கதை அப்படியே இருக்கும், களத்தில் மட்டும் நாலு பேரும் ஒரே அச்சு. பால்டர்ஸ் கேட் 3-இலும் கொஞ்சம் காசு கொடுத்தால் யாருடைய தொழிலையும் மாற்றிவிடலாம். ஷார் தெய்வத்தின் பக்தையை முரட்டு வீராங்கனையாக்கினாலும் அவள் கதையில் ஷார் பக்தைதான். ஆடுகிறவனுக்குச் சுதந்திரம் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சுதந்திரத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

கூட்டாளிகள் தாங்களாகவே சண்டை போடும் முறைகள் இன்னொரு கதை. 2006-ல் ஃபைனல் ஃபேண்டசி 12 'கேம்பிட்' என்று கொண்டுவந்தது: கூட்டாளியின் உயிர் பாதிக்குக் கீழே போனால் குணமாக்கு, பறக்கும் எதிரி வந்தால் இந்த மந்திரம், இப்படி நாமே வரிசையாக எழுதிவைக்கலாம். டிராகன் ஏஜ் ஆரிஜின்ஸிலும் 2009-ல் இதே மாதிரி ஒன்று. இரண்டிலுமே பழகிப்போனால் ஆட்டம் தானாகவே ஓடும், நாம் தே தாரேக் குடித்துக்கொண்டு பார்க்கலாம். அந்த வரிகளை எல்லாம் நாமே எழுதினால் அது நம் மூளை, அவர்களுடையது அல்ல. நாலு வரியில் ஒரே ஒரு வரியை மட்டும் நம்மால் அழிக்க முடியாததாக, அந்தப் பாத்திரம் தானே எழுதியதாக வைத்தால் என்ன? கோழைக்கு ஒரு வரி, பேராசைக்காரிக்கு ஒரு வரி. 2016-ல் முழுமையாக வந்த டார்கெஸ்ட் டஞ்சன் இதை வேறு வழியில் செய்தது. மன அழுத்தம் 100-ஐத் தொட்டால் வீரன் உடைந்துபோய்ச் சொன்ன பேச்சைக் கேட்கமாட்டான், எப்போதாவது உடையாமல் நிமிர்ந்தும் நிற்பான். கோபம் வரும் ஆட்டம். மறக்க முடியாத ஆட்டமும்கூட.

அப்புறம் அன்பு மதிப்பெண். டிராகன் ஏஜில் பரிசு கொடுத்தால் கூட்டாளிக்கு நம்மைப் பிடிக்கும், மதிப்பெண் ஏற ஏற அவருக்குச் சின்னச் சின்ன பலமும் கூடும். தீபாவளி அங்பாவ் மாதிரி எடுத்து நீட்டிக்கொண்டே இருந்தால் போதும், நேற்று நாம் செய்த அநியாயத்தை எல்லாம் மறந்துவிடுவார். இரண்டாம் பாகத்தில், 2011-ல், நட்போடு பகையும் சேர்ந்தது. நம்மோடு முரண்படுகிறவரும் கூடவே இருப்பார், அந்த முரணுக்கும் தனிப் பலன் உண்டு. எனக்கு அதுதான் நியாயமாகப் பட்டது. நம் உயிர்க் கூட்டாளிகளில் பாதிப் பேர் நம்மோடு எதற்கும் ஒத்துப்போகாதவர்கள்தானே.

ஆனால் மதிப்பெண்ணைவிடப் பல மடங்கு உசத்தி, நேராகக் களத்தில் வந்து விழுகிற உறவு. 2008-ல் வந்த பெர்சோனா 4-இல் பள்ளிக்கூட நண்பர்களோடு நேரம் செலவழித்துப் பழகிவந்தால், ஒரு கட்டத்துக்கு மேல் நம்மைக் கொல்லப்போகும் அடியை அவர்கள் குறுக்கே பாய்ந்து வாங்கிக்கொள்வார்கள். முதல் தடவை அது நடந்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். பால்டர்ஸ் கேட் 3-இல் அஸ்டேரியன் ஒரு ராத்திரி நம் கழுத்தைத் தேடி வருகிறான், ரத்தம் குடிக்கிறவன். சரி குடி என்று விட்டால், மறுநாள் அவனுக்குத் தெம்பு கூடுகிறது, நமக்கு ஒவ்வொரு வீசலிலும் ஒரு புள்ளி குறைகிறது. ஒரே ஒரு புள்ளிதான், ஆனால் அன்றைக்கு முழுக்க ஒவ்வொரு தடவை பகடை தவறும்போதும் நேற்று ராத்திரி ஞாபகம் வரும்.

முகாமில் விட்டுவிட்டுப் போகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாலு பேர்தான் வரலாம் என்றால் மிச்சப் பேர் என்ன செய்வார்கள்? பால்டர்ஸ் கேட் 3-இல் முகாமில் இருப்பவர்களுக்கும் அனுபவப் புள்ளி சேர்ந்துகொண்டே இருக்கும், யாரையும் எப்போதும் எடுத்துக்கொள்ளலாம். அது வசதி. டிராகன் ஏஜ் ஆரிஜின்ஸ் கடைசிப் போரில் செய்ததோ அழகு: மூன்று பேரை நம்மோடு கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டு, பின்தங்கியவர்களை வைத்து நகர வாசலைக் காக்கும் சண்டையை நம்மையே ஆடவைத்தது. இவ்வளவு நாள் முகாமில் சும்மா நின்றிருந்தவர்களை அங்கேதான் திரும்பிப் பார்ப்போம். அவர்களுக்கு நல்ல வாள் ஒன்றுகூடக் கொடுக்கவில்லையே என்று அப்போதுதான் உறைக்கும்.

எங்கள் மேசைக்குத் திரும்பினால், அடுத்த வாரம் மறுபடியும் ஆடினோம். கறுப்புக் காய் ஒன்பதை நாலாக்கினோம். உரசல் அடி சேர்த்தோம். வேலனின் ஆறு பக்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டு வரி மட்டும் வைத்துக்கொண்டேன். தண்ணீர் இருக்கும் கட்டத்தில் வேலன் தானாகக் கால் வைக்கமாட்டான். ஆனால் அக்கரையில் கூட்டாளி யாராவது விழுந்தால், யார் டர்னாக இருந்தாலும் சரி, அந்த நொடியே ஆற்றைக் கடந்துபோய் விழுந்தவர் முன்னால் நின்று ஒரு முழு அடி அடிப்பான், அது அவன் டர்ன் கணக்கில் சேராது. ஐஸ் கிளாசுக்குள் விரலை நனைத்து மேசையின் குறுக்கே ஒரு ஆறு கோடு போட்டேன்.

தம்பி இந்தத் தடவை சாப்பிடவே இல்லை. விதியை இரண்டு தடவை சொல்லச் சொன்னான். அக்கரையில் நின்ற தன் அண்ணனின் மந்திரவாதிக் காயையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், குணமாக்கும் மருந்து கையில் இருந்தும் கொடுக்காமல், அந்தக் காயை அரக்கனிடம் அடி வாங்கி விழவிட்டான். விழுந்ததும் வேலன் காயை எடுத்து ஆற்றைத் தாண்டிச் சிவப்புக் காய்க்கு முன்னால் டொக்கென்று வைத்துப் பகடையை உருட்டினான். பதினெட்டு.

"டேய், என்னை வேணும்னே சாகவிட்டியாடா?" என்று அவன் அண்ணன் கத்த, கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"நீ விழுந்தாதானே அண்ணே அவன் வருவான்."

அந்த ஓட்டையை அடைப்பதா வேண்டாமா என்று மூன்று பேரும் அன்றைக்கு ராத்திரி ஒரு மணி வரை வாதாடினோம். இன்னும் அடைக்கவில்லை.